கம்ப்யூட்டரில் பேரேடு எது, சிட்டை எது?



கடைக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் முடிந்து வெகுநாளாகி விட்டது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்ததும், அதுவரை கார்பன் தாள் வைத்துப் பில் எழுதிக் கொண்டிருந்தவர்களில் பலரும் மாறி விட்டார்கள். இன்று நம் முன் நிற்பது வேறு கேள்வி. பில் போடவும் கணக்கு வைக்கவும் நாம் வாங்குகிற மென்பொருளில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும், எவை நாம் கேட்டால் மட்டும் வர வேண்டும் என்பதே அது. விற்க வருகிற தம்பிகள் இதை நம்மிடம் கேட்பதில்லை. "சாதாரணமா, ஃபுல் பேக்கேஜா அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறார்கள். சாதாரணம் என்றால் என்ன, ஃபுல் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் ஒரு விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். கடைக்குத் தேவையானது எது என்பதை விலைப்பட்டியல் தீர்மானிக்கலாகாது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

இப்போது இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒரு சாரார், உலகத்தில் உள்ள எல்லாத் தொழிலுக்கும் வேண்டியதை ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைக்கிறார்கள். மருந்துக் கடைக்கு வேண்டிய பேட்ச் எண், ஓட்டலுக்கு வேண்டிய மேஜை எண், ஜவுளிக்கு வேண்டிய சைஸ், நிறம் எல்லாம் மளிகைக் கடைப் பில்லிலும் வந்து நிற்கும். மற்றொரு சாரார், வெறும் எலும்புக்கூட்டைச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சதைக்கு ஒரு காசு, தோலுக்கு ஒரு காசு என்று ஆண்டுதோறும் கறப்பார்கள். இரண்டிலும் நட்டம் நமக்குத்தான்.

மென்பொருள் எழுதுபவர்கள் முதலில் சொன்ன கட்டாயப் பகுதியைக் 'கோர்' என்றும், கேட்டால் சேர்க்கும் பகுதியை 'ஆட்-ஆன்' என்றும் சொல்கிறார்கள். இதில் நமக்குப் புதியது எதுவுமில்லை. நமது பழைய கணக்கு முறையே அப்படிப்பட்டதுதான்.

நாம் பள்ளிப் படிப்போடு நிறுத்திக் கொண்டு கடையில் உட்கார்ந்த காலத்தில், கணக்குப்பிள்ளையின் மேஜையில் இரண்டே புத்தகங்களுக்குத்தான் மரியாதை. குறிப்பேடு, பேரேடு. அன்றாடம் நடந்தது நடந்த வரிசையில் குறிப்பேட்டில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பதியும். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பதும், பற்று வரவில் தகராறு வந்தால் பிரித்துக் காட்டுவதும் இவற்றைத்தான். மற்றதெல்லாம் சிட்டை. கூலிச் சிட்டை, லாரி வாடகைச் சிட்டை, கிட்டங்கிச் சிட்டை என்று எத்தனையோ இருக்கும். எந்தச் சிட்டை வேண்டும் என்பதைத் தொழில் சொல்லும். வத்தல், மல்லி வியாபாரிக்குச் சாக்குச் சிட்டை வேண்டும். எண்ணெய் வியாபாரிக்கு டின் சிட்டை வேண்டும். சில்லறைக் கடைக்காரருக்கு இரண்டும் வேண்டாம், வாடிக்கையாளர் பற்று நோட்டு ஒன்று இருந்தால் போதும்.

அந்த முறையில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை, ஆனால் எந்தக் கடையிலும் மீறமாட்டார்கள். சிட்டை தொலைந்தால் சங்கடம்தான், ஆனால் அதற்காகக் கடையைச் சாத்த வேண்டியதில்லை, பேரேடு தன் காலில் நிற்கும். அடுத்தது, சிட்டை எழுதுகிற பையன் பேரேட்டைத் தொடக் கூடாது. அவன் மொத்தத் தொகையைச் சொல்வான், கணக்குப்பிள்ளை சரிபார்த்து ஏற்றுவார். இன்றைய மென்பொருளை நிறுத்துப் பார்க்க இந்த இரண்டு படிக்கற்கள் போதும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

முதல் படிக்கல்லை வைத்துப் பாருங்கள். நமக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடையில், பில் போட்டதும் அதை வாடிக்கையாளரின் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். நல்ல வசதிதான். ஒரு மாலை, மாதத்தின் முதல் வாரம், கூட்டம் நெரிகிற நேரம், இணையம் நின்று விட்டது. வாட்ஸ்அப் போகவில்லை என்பதோடு போயிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். அது போகிற வரையில் பில்லே அச்சாகாமல் திரையில் வட்டம் சுற்றிக் கொண்டிருந்தது. கடைசியில் துண்டுத் தாளில் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். சிட்டை நின்றதற்காகப் பேரேடு நிற்கும்படி எழுதிய மென்பொருள் அது. விற்றவர்கள் இணையக் கம்பெனியைக் குறை சொன்னார்கள்.

இரண்டாவது படிக்கல் இன்னும் முக்கியம். வெளியாள் எழுதிக் கொடுக்கும் இணைப்பு, இருப்பையும் பாக்கியையும் நேரே திருத்துமா, அல்லது மூல மென்பொருளின் வாசல் வழியாக, அதன் சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பதிவு செய்யுமா என்று கேட்க வேண்டும். நேரே திருத்தும் என்றால், ஒரு நாள் இருப்பில் பத்து மூடை வித்தியாசம் வரும்போது எங்கே வந்தது என்று பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டில் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் டாலி. அது பிறந்த விதம் வியாபாரிகளுக்குச் சந்தோஷம் தரக் கூடியது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் எந்திர உதிரிகளும் சப்ளை செய்து கொண்டிருந்த சியாம் சுந்தர் கோயங்கா என்பவர், தமது கணக்கைப் பார்க்கத் தோதான மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவையே ஒன்று எழுதச் சொன்னார். 1986ல் பெங்களூரில் அது தொழிலாயிற்று. ஒரு வியாபாரியின் மேஜையிலிருந்து வந்தது என்பதாலோ என்னவோ, கணக்குக்கு எண் கொடுத்து மனப்பாடம் செய்ய வேண்டிய தொல்லை அதில் இல்லை, பேரைத் தட்டினால் போதும். நாம் இங்கே கவனிக்க வேண்டியது அதில் உள்ள எஃப் 11 என்ற விசை. அதைத் தட்டினால் வரிசையாகக் கேள்விகள் வரும். பாக்கியைப் பில்வாரியாகப் பார்க்க வேண்டுமா, பேட்ச் எண் வேண்டுமா, சம்பளக் கணக்கு வேண்டுமா என்று. வேண்டாம் என்று வைத்தால் அந்த இடம் பில் திரையிலிருந்தே மறைந்து விடும். தேவைப்படும் காலத்தில் மறுபடி திறந்து கொள்ளலாம். இதற்கும் மேலே தனிப்பட்ட தேவை உள்ளவர்களுக்கு, டி.டி.எல். என்ற அதன் சொந்த மொழியில் வெளியாட்கள் இணைப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். ஆக மூன்று அடுக்கு: எல்லோருக்கும் உள்ளது, உள்ளேயே இருந்தும் மூடி வைத்தது, வெளியிலிருந்து வருவது. (இதை விளம்பரமாக எண்ண வேண்டாம். வேறு நல்ல மென்பொருள்களும் உண்டு. தெரிந்த உதாரணம் என்பதால் சொன்னோம்.)

மூடி வைக்க முடிவது ஏன் பெரிய விஷயம் என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 200 பில், பில்லுக்கு 8 சரக்கு என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு சரக்குக்கும் நமக்கு வேண்டாத கேள்வி இரண்டு வந்து நின்றால், பையன் ஒன்றும் எழுதாமல் தாண்டுவதற்கே 16 முறை தட்ட வேண்டும். நாளைக்கு 3,200 தட்டு. தாண்டித் தாண்டிக் கை பழகி விட்டால், தாண்டக் கூடாத இடத்தையும் தாண்டி விடும். எடையைப் போட வேண்டிய இடத்தில் 1 என்று வந்த எண்ணை அப்படியே விட்டுவிடுவது இப்படித்தான் நேர்கிறது. வேண்டாத வசதி சும்மா ஒரு மூலையில் கிடக்கும் என்று நினைப்பது தவறு. அது கல்லாவில் கை வைக்கும்.

அப்படியானால் மிகவும் சிறிய மென்பொருளே போதுமே என்று மறுபக்கம் சாயவும் கூடாது. எது பேரேடு என்பதில் நாம் விட்டுக் கொடுக்கவே கூடாத சில உண்டு. அவற்றைத் தனி இணைப்பு என்று பெயரிட்டு விற்பது, தராசை விற்றுவிட்டுப் படிக்கல்லுக்குத் தனிக் காசு கேட்பது போன்றது.

முதலாவது வரி. நம் தொழிலில் வரிச் சட்டம் மாறாமல் இருந்த காலம் குறைவு. 2007 ஜனவரி 1ல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத வரி வந்தது. அதே அரிசி 25 கிலோவுக்கு மேற்பட்ட மூடையாக இருந்தால் வரி இல்லை. சந்தையில் 26 கிலோ சிப்பம் தலையெடுத்த கதை உங்களுக்கே தெரியும். சரக்கின் பெயரோடு வரியை ஆணி அடித்து வைத்திருந்த மென்பொருள்கள் அன்று விழித்தன. ஒரே சரக்குக்குக் கட்டைப் பொறுத்து இரண்டு வரி என்பது அவற்றுக்குப் புரியவில்லை.

2025 செப்டம்பர் 22ல் வந்த மாற்றம் அதைவிடப் பெரிது. 12, 28 என்ற அடுக்குகளில் இருந்த பெரும்பாலான சரக்குகள் 5க்கும் 18க்கும் போயின. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு இறங்கின. பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5க்கு வந்தன. திங்கட்கிழமை காலையில் புது வரியில் பில் வர வேண்டும். வரி விகிதத்தைச் சரக்குக் குழுவாரியாக ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தில் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒவ்வொரு சரக்கிலும் தனித்தனியே பதித்து வைத்தவர்கள் விடிய விடிய உட்கார்ந்தார்கள். இதற்கென்று ஒரு 'வரி மாற்ற இணைப்பு' விலைக்கு வந்ததையும் அப்போது பார்த்தோம். வரியைக் கணக்கிடும் எந்திரம் பேரேட்டுக்குள் இருக்க வேண்டும். விகிதம் என்பது நாமே மாற்றிக் கொள்ளக் கூடிய ஒரு பட்டியலாக இருக்க வேண்டும். அரசாங்கம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் நாம் காசு கொடுத்துக் கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது, நகல் எடுப்பதும் கணக்கை வெளியே எடுப்பதும். இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள். இப்போது பல மென்பொருள்கள் வருடச் சந்தாவில் வருகின்றன. சந்தா கட்டாத மாதத்தில் கணக்கே திறக்கவில்லை என்றால், அதிகாரி கேட்கும்போது எதைக் காட்டுவது? புதுப் பில் போட முடியாது என்று நிறுத்துவது அவர்கள் வியாபாரம், அதில் நாம் தலையிடவில்லை. பழைய கணக்கைப் பார்க்கவும், எக்செல் தாளாக எடுத்துக் கொள்ளவும் எந்நாளும் வழி இருக்க வேண்டும். 'டேட்டா எக்ஸ்போர்ட்' என்று இதற்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தால், வாங்குவதற்கு முன் அந்த வரியைச் சுட்டிக் காட்டிக் கேளுங்கள். பேரேட்டுப் புத்தகத்தை விற்ற கடைக்காரர், ஆறு வருடம் கழித்து அதைத் திறக்கச் சாவி வைத்திருக்கவில்லை.

பில், இருப்பு, பற்று வரவு ஆகியவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. இருப்பு என்னும்போது மூடையிலும் கிலோவிலும் சேர்ந்தே பார்க்க முடிய வேண்டும். மூடைக் கணக்கில் வாங்கிக் கிலோக் கணக்கில் விற்கிற நமக்கு இது உயிர்நாடி, பட்டணத்து மென்பொருள்காரர்களுக்கு இது ஒரு கூடுதல் வசதியாகத் தெரிகிறது.

எல்லோருக்கும் பேரேடு ஒன்றாக இருக்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. நம்மைப் போன்ற மொத்த வியாபாரிக்கு ஈ-வே பில் இல்லாமல் லாரி நகராது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளேயே, வரி உள்ள சரக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் அது வேண்டும். விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்கு, பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் ஈ-இன்வாய்ஸும் கட்டாயமாயிற்று. இவை நமக்குப் பேரேட்டின் பக்கங்கள். தெருமுனையில் கடை வைத்திருக்கும் தம்பி இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்பொசிஷனில் இருக்கிறார், ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம், ஒரு சதவீத வரி, பில்லில் வரி வசூலிக்கவே கூடாது. அவருக்கு ஈ-வே பில்லும் ஈ-இன்வாய்ஸும் திரையில் எதற்கு? அவருக்கு வேண்டியது தராசிலிருந்து எடை நேரே பில்லில் ஏறுவதும், ஒரே சோப்பு பழைய எம்.ஆர்.பி.யிலும் புது எம்.ஆர்.பி.யிலும் இருந்தால் பிரித்துக் காட்டுவதும்தான். ஆகவே ஒருவர் வாங்கினார் என்று பார்த்து மற்றவரும் அதையே வாங்குவது சரியல்ல. ஒரு நாள் மாலை கடையைச் சாத்துவதற்குமுன் எதெதெல்லாம் முடிந்தாக வேண்டும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் உள்ளது உங்கள் பேரேடு.

சட்டத்தின் பெயரைச் சொல்லி இணைப்பு விற்பதும் நடக்கிறது. கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்தது. அது கம்பெனிகளுக்கு. தனி உரிமையாளருக்கும் பங்குதாரர் வியாபாரத்துக்கும் அந்த விதி கிடையாது. நம்மிடமே வந்து, "எல்லாருக்கும் கட்டாயம் சார், இல்லாவிட்டால் அபராதம்" என்று விற்கப் பார்த்தார்கள். ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் விஷயம். திருத்தத் தடம் நல்லதா என்றால் நல்லதுதான், கடையில் பத்துப் பேர் வேலை செய்தால் அவசியமும்கூட. வேண்டுமென்று வாங்குவது வேறு, பயந்து வாங்குவது வேறு.

இனி இளைய தலைமுறையின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளே இதைச் சொல்கிறார்கள். "மூல மென்பொருளை ஒருவரிடம், பார்கோடை ஒருவரிடம், சேல்ஸ்மேன் ஆர்டர் எடுக்கும் செயலியை இன்னொருவரிடம் வாங்கினால், கோளாறு வரும்போது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுதான் நிம்மதி அப்பா" என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. மூடையில் எடை குறைந்து வந்தால் அனுப்பியவர் லாரியைச் சொல்வார், லாரி ஆபீஸ் கூலியாளைச் சொல்லும், கூலியாள் தராசைச் சொல்வார். அந்தச் சண்டையில் நாற்பது வருடம் பழகிய நமக்கு இது புரியாமல் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மூல மென்பொருள் புதுப் பதிப்புக்கு மாறும்போது, வெளியாள் எழுதிய இணைப்பு அதோடு ஒத்துப் போகாமல் நின்றுவிடலாம். பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. இணையம் பார்க்க உதவும் ஃபயர்ஃபாக்ஸ் 2004ல் வந்தபோது, தான் சிறியதாக இருந்து கொண்டு, வேண்டியவர்கள் வேண்டியதைச் சேர்த்துக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்காகவே பேர் வாங்கியது. உலகெங்கும் ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் இணைப்புகள் எழுதினார்கள். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது உள்கட்டமைப்பை மாற்றினார்கள், பழைய முறையில் எழுதிய இணைப்புகள் அத்தனையும் வேலை செய்யாமல் போயின. வேகமும் பாதுகாப்பும் வேண்டுமென்று செய்த மாற்றம் அது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த இணைப்பை நம்பி அன்றாட வேலையை வைத்திருந்தவன் நிலைமை என்ன?

ஆகவே தினசரி, தவறாமல், எல்லாப் பில்லுக்கும் பயன்படுகிற ஒன்று வெளி இணைப்பாகவே தொடரக் கூடாது. அது மூலத்துக்குள் வந்து சேர வேண்டும். யு.பி.ஐ. 2016ல் வந்த புதிதில், பணம் எந்த வழியில் வந்தது என்று பில்லில் குறிப்பது ஒரு கூடுதல் வசதி. இன்று மாலையில் கல்லாவை எண்ணும்போது ரொக்கம் இவ்வளவு, யு.பி.ஐ. இவ்வளவு, கடன் இவ்வளவு என்று பிரிந்து வராவிட்டால் கணக்கே முடியாது. நேற்றைய சிட்டை இன்றைய பேரேட்டுப் பக்கமாகி விட்டது. இதை இன்னமும் தனிக் காசுக்கு விற்கிறவர் நம் தொழிலை அறியாதவர். அதுபோலவே, வருடத்துக்கு இரண்டு முறை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பயன்படுகிற பரிசுப் புள்ளிக் கணக்கு போன்றவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியிலேயே நிற்கட்டும். வேண்டிய மாதத்தில் வாங்கி, வேண்டாத மாதத்தில் விட்டுவிடலாம்.

நாம் ஒரு யோசனையைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வைக்க இருக்கிறோம். உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுச் சந்தா மார்ச், ஏப்ரலில்தான் புதுப்பிக்க வருகிறது. அதற்கு முன், நம் பகுதியில் மென்பொருள் விற்கிற எல்லோரையும் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, தங்கள் லெட்டர்ஹெட்டில் நான்கு விஷயங்களுக்குப் பதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். இணையம் நின்றால் பில் வருமா? எந்த இணைப்பையாவது எடுத்துவிட்டால் மிச்சம் ஓடுமா? வரி மாறினால் தனிக் கட்டணம் உண்டா? சந்தா நின்ற பிறகு பழைய கணக்கைத் திறக்க முடியுமா? பதில் எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். அவற்றை இந்த இதழிலேயே அருகருகே வெளியிட்டால், யாரிடம் வாங்குவது என்பதை உறுப்பினர்கள் அவரவர் கடைக்குத் தக்கபடி பார்த்துக் கொள்வார்கள். வாய்மொழியாகச் சொல்லி எழுதித் தர மறுப்பவர்களின் பெயருக்கு நேரே அந்த இடத்தைக் காலியாகவே அச்சிடலாம். இதற்கு ஆசிரியர் குழு இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று இப்போதே கேட்டுக் கொள்கிறோம்.